மாரி மழையும் இரண்டு வயதுப் பிள்ளையும்

திருகோணமலை உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் இளம் தாய் கேட்டது இது. மகனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். நாலு நாளாக மழை விட்டபாடில்லை. கணவர் சீனன்குடாப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவார், உதவிக்கு ஆளில்லை. விளையாட்டுச் சாமான் ஒரு கூடை நிறைய இருக்கிறது. எதை எடுத்துக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் வீசிவிட்டுக் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். போனைக் கையில் கொடுத்தால் மட்டும் அடங்குகிறான். கொடுக்கவும் பயம், கொடுக்காமல் உலை வைக்கவும் முடியவில்லை. பகல் முழுக்க இவனை எப்படிச் சமாளிப்பது?

மகள், முதலில் உங்கள் கணக்கைக் கொஞ்சம் திருத்துகிறேன். இரண்டு வயதில் ஒரு விளையாட்டுச் சாமானோடு ஐந்து நிமிடம் இருப்பது குறைவில்லை, அந்த வயதின் அளவே அதுதான். 26 வருடம் முன்பள்ளியில் பிள்ளைகளோடு இருந்தேன். இப்போது வீட்டில் இரண்டேகால் வயதுப் பேரன் ஒருவர் என்னை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார். அதனால் இதைத் துணிந்து சொல்லலாம். உங்கள் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

இன்னொன்று, இந்த மழை ஒரு நாள் கதை இல்லை. திருகோணமலையில் வருடத்துக்கு விழும் ஏறக்குறைய 1600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். அதற்குப் பிறகும் தைப்பொங்கல் வரை வாடைக்காற்று வீசிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு இருபது விளையாட்டு என்று பட்டியல் போட்டால் மூன்றாம் நாளே நீங்கள் களைத்து விழுவீர்கள். பட்டியல் தேவையில்லை. பிள்ளை எதற்காக அழுகிறது என்று பிடிபட்டுவிட்டால், வீட்டில் கிடக்கும் சாமானை வைத்தே மாரியைக் கடத்திவிடலாம்.

உங்கள் மகன் காலைக் கட்டிக்கொண்டு அழுவதை எந்த நேரத்தில் என்று கவனித்தீர்களா? பெரும்பாலும் நீங்கள் குசினியில் நிற்கும் நேரமாக இருக்கும். நீங்கள் தேங்காய் துருவினால் அவனுக்குத் திருவலை வேண்டும், கூட்டினால் தும்புத்தடி வேண்டும், உடுப்பு மடித்தால் மடித்ததைக் கலைக்க வேண்டும். நாங்கள் இதைக் குழப்படி என்கிறோம். அவன் பக்கத்தில் இருந்து பார்த்தால், வீட்டில் உண்மையான வேலை ஒன்று நடக்கிறது, தன்னை மட்டும் அதில் சேர்க்கவில்லை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாத்தைத் தந்து போகச் சொல்கிறார்கள். எனக்கென்றாலும் கோபம் வரும்.

சரி, காலையில் இருந்து தொடங்குவோம்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் முதல் வேலை உடம்பைக் களைக்க வைப்பது. மழை நாளில் பிள்ளைகள் படுத்தும் பாட்டில் முக்கால்வாசி களைக்காத உடம்பால் வருவது. ஒரு வயதுக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் ஒரு நாளில் எல்லாமாக 180 நிமிடமாவது ஓடியாடித் திரிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மூன்று மணித்தியாலம்! முற்றத்தில் இறங்க முடியாத நாளில் அந்த மூன்று மணித்தியாலம் வீட்டுக்குள்தான் வரவேண்டும். நீங்கள் வழி விடாவிட்டால் அது தானாக வழி தேடிக்கொள்ளும், திரைச்சீலையில் தொங்கும், அலுமாரியில் ஏறும்.

கணவரின் பழைய சாரம் ஒன்றை நிலத்தில் விரியுங்கள். மகனை நடுவில் இருத்தி, முன்பக்க முனைகளைப் பிடித்து வீடு முழுக்க மெதுவாக இழுங்கள். சீமெந்துத் தரையில் நன்றாக வழுக்கும். இரண்டு சுற்று முடிந்ததும் அவனை இறக்கிவிட்டு, கரடிப் பொம்மையையோ ஒரு பை சீனியையோ ஏற்றி அவனை இழுக்கச் சொல்லுங்கள். உங்கள் முதுகுக்கும் அது நல்லது. தலையணை எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்தால் ஏறி விழ ஒரு மலை. பாயைச் சுருட்டி நிறுத்தினால் ஒளிய ஒரு குகை. கதிரைகளை வரிசையாகப் போட்டு அடியால் தவழ்ந்து போகச் சொன்னால், முதல் தடவை நீங்களும் கூடத் தவழ வேண்டியிருக்கும், அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

இந்த வயதில் எல்லாவற்றிலும் நல்லது பாரம் சுமப்பது. எங்கள் வீட்டில் மாரிக்கென்று குசினி மூலையில் ஏழெட்டுத் தேங்காய் மட்டையோடு கிடக்கும். போன கிழமை பேரன் அதைக் கண்டுபிடித்தார். முதலில் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். அது நேரே போகாமல் கோணிக்கொண்டு உருண்டு மேசைக் காலில் முட்டி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, நிறைமாதக்காரி நடப்பது போல ஆடி ஆடி நடந்து விறாந்தைக் கதவடியில் கொண்டுபோய்ப் போட்டார். திரும்பி வந்து அடுத்தது. இடையில் ஒன்று நழுவி விழ, கால்விரலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார், அதற்குப் பிறகு உருட்டித்தான் கொண்டுபோனார். ஏழும் போய்ச் சேர்ந்ததும் எங்கள் வீட்டுக்காரரைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஏழையும் திருப்பிக் குசினிக்கே கொண்டுவரத் தொடங்கினார். மணிக்கூட்டைப் பார்த்தால் 35 நிமிடம் போயிருந்தது. ஐந்து நிமிடக் கணக்கை உடைப்பது இப்படியான வேலைதான்.

உங்கள் வீட்டில் தேங்காய்க் குவியல் இல்லாவிட்டால் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நாலைந்தை நிரப்பி, மூடியை இறுக்கி, 'இதையெல்லாம் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வாங்கோ' என்று ஒப்படையுங்கள். முக்கியமான பொறுப்பைக் கொடுப்பது போன்ற குரலில் சொல்ல வேண்டும். அந்தக் குரலில்தான் பாதி வேலை இருக்கிறது.

எங்கள் ஊர்களில் முன்பள்ளி என்றாலே வாய்க்குள் 'மொண்டிசோரி' என்றுதான் வரும். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1939-ல் இந்தியாவுக்கு வந்தவர், உலகப்போர் காரணமாகத் திரும்பிப் போக முடியாமல் சென்னை அடையாறிலும் பிற இடங்களிலும் 1946 வரை தங்கியிருந்தார். அவர் பள்ளியில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது எழுத்தும் எண்ணும் இல்லை. தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, கூட்டுவது, பொத்தான் போடுவது, இவைதான். எங்கள் அம்மம்மாமார் எந்தப் பயிற்சியும் இல்லாமல் இதைத்தான் செய்தார்கள். முருங்கைக் கெட்டு ஒன்றை முன்னால் போட்டு 'உருவு' என்பார்கள், அவ்வளவுதான்.

முருங்கை இலையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயதுக் கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரியான வேலை அது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து சின்ன இலையைப் பிடித்து இழுக்கப் பழகும். பிற்காலத்தில் பென்சில் பிடிக்கப் போவதும் அதே இரண்டு விரல்தான். சுளகு ஒன்றில் நாலு நெட்டைப் போட்டுக் கொடுங்கள். சட்டிக்குள் விழுவது பாதி, நிலத்தில் விழுவது பாதி, வாய்க்குள் ஒன்றிரண்டு. பிறகு அதே இலையைச் சுண்டி மத்தியானம் தட்டில் போட்டு 'இது நீங்கள் ஆய்ந்த இலை' என்று சொல்லிப் பாருங்கள். கீரை தின்னாத பிள்ளையும் இரண்டு வாய் எடுக்கும். சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் காயவைத்தால் அடுக்க விடுங்கள். உருளைக்கிழங்கையும் பெரிய வெங்காயத்தையும் ஒரே கூடையில் கலந்துவைத்து, வேறு வேறாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குள் கொடி கட்டி உடுப்புக் காயப்போடும் காலம்தானே இது. கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் உத்தியோகம் அவனுக்கு. வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தாலும் அதே நேரம்தான் எடுக்கும்.

அப்புறம் மா. கோதுமை மாவைக் குழைத்துக் கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உங்கள் கணவர் வேலைக்குப் போகிற சீனன்குடாவில்தான் பிறிமா மா ஆலையே இருக்கிறது, திருகோணமலைக்காரருக்கு மா பஞ்சமா? கடையில் விற்கும் வண்ண வண்ண மாக்கட்டிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஒரு கோப்பை கோதுமை மா, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ரொட்டிப் பதத்துக்குத் தண்ணீர். சில பேர் மாவில் பாதியளவு உப்பைச் சேர்ப்பார்கள், கிழமைக்கணக்கில் பழுதாகாமல் இருக்கும் என்று. மூன்று வயது தாண்டிய, வாயில் வைக்காத பிள்ளை என்றால் சரி. உங்கள் மகன் இன்னும் எல்லாவற்றையும் ருசி பார்க்கும் வயது. அவ்வளவு உப்பு உள்ளே போனால் சின்ன உடம்பு தாங்காது. உப்பில்லாமல் குழைத்து, அன்றைக்கே விளையாடி, அன்றைக்கே எறிந்துவிடுங்கள்.

நிறத்துக்குப் பீட்ரூட் சாறு, மஞ்சள், பச்சைக்கு வல்லாரை இடித்த சாறு. மஞ்சள் பூசிய கையைச் சவர்க்காரத்தால் கழுவும்போது சிவப்பாக மாறுவதைப் பிள்ளை காணும்படி கழுவிவிடுங்கள். மஞ்சளுக்குச் சவர்க்காரக் காரம் பட்டால் அந்த நிறம் வரும், குங்குமம் உண்டாக்குகிற பழைய வித்தையே அதுதான். பேரன் அதற்காகவே ஒரு நாளில் நாலு தடவை கை கழுவக் கேட்கிறார். மஞ்சள் பட்ட சட்டை வெளுக்காது, ஆகவே பழைய பெனியனோடு விடுங்கள். மாவில் யானை, குதிரை என்று நீங்கள் செய்து காட்ட வேண்டாம். செய்தால் 'இன்னும், இன்னும்' என்று உங்களைத்தான் செய்ய வைப்பான். ஈர்க்குத் துண்டு, போத்தல் மூடி, சீப்பு, இவற்றைக் குத்தவும் பதிக்கவும் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் அடுப்பைப் பாருங்கள்.

இனி மழை. நாலு நாளாக மழை எதிரி என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் உடன்பாடு இல்லை. வீட்டு வாசலில் இப்படி ஒரு விளையாட்டுச் சாமான் இலவசமாக வந்து கொட்டும்போது உள்ளே பற்றறி போட்ட வாத்தை முடுக்கிக்கொண்டிருப்பது எந்த நியாயம்?

விறாந்தை ஓரத்தில், தாழ்வாரத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு தகரப் பேணி, ஒரு பிளாஸ்டிக் வாளி, மூதூர்த் தயிர் வாங்கிய மண்சட்டி, ஒரு சிரட்டை, நாலையும் வரிசையாக வையுங்கள். நாலிலும் நாலு சத்தம். தகரம் 'டங் டங்' என்னும், சட்டி 'பொத் பொத்' என்னும், நிரம்ப நிரம்பச் சத்தமும் மாறும். எங்கள் பேரன் முதல் நாள் பத்து நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இரண்டாம் நாள் தானாகவே பேணியை எடுத்துவந்து வேறு இடத்தில் வைத்தார். மூன்றாம் நாள் பீலித் தண்ணீரின் கீழ் சிரட்டையைப் பிடிக்கக் கண்டுகொண்டார். சிரட்டை நிரம்பும், வாளிக்குள் ஊற்றுவார், வாளியில் இருந்து சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றுவார், பிறகும் பிடிப்பார். வாளி நிரம்பவே இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

கடதாசிக் கப்பல் செய்து விடும் ஆசை உங்களுக்கு வரும். எனக்கும் வந்தது. ஒற்றைக் கப்பல், கத்திக் கப்பல் என்று நாங்கள் விட்ட காலத்தை நினைத்து மனம் குளிர்ந்து நாலு கப்பல் மடித்துக் கொடுத்தேன். முதலாவதைக் கசக்கினார். இரண்டாவதை வாளிக்குள் அமுக்கித் தாட்டார். மூன்றாவதைக் கிழித்தார். நாலாவதை நான் முற்றத்து வெள்ளத்தில் விட்டேன், அது மிதந்துபோவதை நான்தான் பார்த்தேன். கப்பல் நாலைந்து வயதுக்கான விளையாட்டு. இரண்டு வயதுக்குத் தாளைக் கிழிப்பதே போதும். பழைய பத்திரிகை நாலைக் கொடுத்துக் கிழிக்க விடுங்கள், கிழித்ததைப் பெட்டிக்குள் போட்டு அதற்குள் அவனையே இருத்தி விடுங்கள்.

மழையில் நனைய விடலாமா என்று கேட்பீர்கள். மழைத் தண்ணீர் பட்டால் தடிமன் வராது. தடிமனைத் தருவது வைரசு, அது மழை நாளில் எல்லாரும் ஒரே அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருமுவதால்தான் கூடப் பரவுகிறது. காய்ச்சல், சளி இல்லாத பிள்ளையைத் தூறல் நேரத்தில் பத்து நிமிடம் முற்றத்தில் விட்டு, உடனே துடைத்து, காய்ந்த உடுப்புப் போட்டு, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னால் உங்கள் மாமி என்னைத் திட்டுவார், பரவாயில்லை. ஆனால் மூன்று சந்தர்ப்பத்தில் வாசல் தாண்டக் கூடாது. இடி முழங்கும்போது கூடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை மின்னலோடுதான் வரும். தெருவிலோ வடிகானிலோ தேங்கிய வெள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அங்கேதான் இருக்கிறது, காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். மூன்றாவது, வாடை முற்றிய நாட்களில் கடற்கரை. ஆவணியில் குளம் போலக் கிடந்த உப்புவெளிக் கடல் மார்கழியில் அந்தக் கடலே இல்லை. கரையில் நின்று அலை காட்டுவதென்றாலும் தூக்கி வைத்துக்கொண்டு எட்டத்தில் நின்று காட்டுங்கள்.

வெளியே போகவே முடியாத மழை என்றால் தண்ணீரை உள்ளே கொண்டுவாருங்கள். குளியலறையில் ஒரு பேசின், அரைச்சாண் கூட வேண்டாம், நாலு விரல் தண்ணீர், இரண்டு கோப்பை, ஒரு பஞ்சுத் துண்டு. அல்லது சுவருக்குப் பூசும் பழைய பிரஷ் ஒன்றும் ஒரு கோப்பைத் தண்ணீரும் கொடுத்து, விறாந்தைச் சீமெந்துச் சுவரில் 'பெயின்ற்' அடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் காய மாட்டாது என்றாலும் சீமெந்து கறுப்பாகிக்கொண்டு போவது அவனுக்குப் போதும். ஆனால் ஒன்று, தண்ணீர் இருக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகரவே கூடாது. சின்னப் பிள்ளை முகம் குப்புற விழுந்தால் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீரே போதும் மூச்சு முட்ட, சத்தம் கூட வராது. போன் அடித்தால் அடிக்கட்டும். விளையாட்டு முடிந்ததும் பேசினைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

ஆபத்துப் பேச்சு வந்ததால் என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு வருட அனுபவக்காரி, போன மாரியில் பேரன் முன்னால் ஒரு சுண்டுப் பயற்றைப் பரப்பிக் கிண்ணத்தில் அள்ளி விளையாட விட்டுவிட்டு, வாசலுக்கு மீன்காரர் வந்தார் என்று எழும்பிப் போனேன். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் பிள்ளை மூக்கைத் தடவிக்கொண்டு நிற்கிறார். ஒரு பயறு வலது மூக்குக்குள். பயறு ஈரத்தில் ஊதும் சாமான், விட்டுவைக்கவும் முடியாது, நாங்கள் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். கொட்டும் மழையில் முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியரிடம் கொண்டுபோய் எடுப்பித்தோம். என் மகள், பிள்ளையின் அம்மா, அன்றைக்கு என்னோடு கதைக்கவில்லை. ஆகவே இரண்டு வயதில் பயறு, கடலை, மணி, முத்து ஒன்றும் விளையாட்டுக்கு வேண்டாம். கச்சான் தின்னவும் கொடுக்க வேண்டாம். (எங்களுக்குக் கச்சான் இரண்டு, ஒன்று ஆடியில் வீசும் காற்று, மற்றது கோயில் திருவிழாவில் கொறிக்கும் கடலை. நான் சொல்வது இரண்டாவதை.) அள்ளி விளையாடத்தான் வேண்டும் என்றால் பெரிய போத்தல் மூடிகளைக் கொடுங்கள், நாலு சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலத்தில். எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்டச் சின்னப் பற்றறி. அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியதா என்று இன்றைக்கே பாருங்கள். மழைக்கு வீட்டுக்குள் ஒதுங்கும் மட்டத்தேளுக்காகத் தலையணைக் குவியலையும் ஒருமுறை உதறிவிட்டுக் கொடுங்கள்.

உங்கள் விளையாட்டுச் சாமான் கூடைக்கு வருகிறேன். 2018-ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒன்றரை வயதில் இருந்து இரண்டரை வயது வரையான 36 பிள்ளைகள். ஒரு முறை 4 விளையாட்டுச் சாமானோடும் இன்னொரு முறை 16 சாமானோடும் விளையாட விட்டார்கள். 4 இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூட நேரம் நின்றார்கள், ஒரே சாமானை விதம் விதமாக வைத்து விளையாடினார்கள். எங்கள் முன்பள்ளியில் காசில்லாததால் செய்ததை அவர்கள் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். கூடையை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டு பங்கைக் கட்டி அலுமாரிக்கு மேல் போடுங்கள். ஒரு கிழமை கழித்து மாற்றி இறக்கினால் பிறந்தநாளுக்கு வந்த சாமான் மாதிரி ஓடிவருவான்.

மத்தியானத்துக்குப் பிறகு விளையாட்டின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மேசைக்கு மேலால் ஒரு சேலையைத் தொங்கவிட்டு உள்ளே ஒரு பாய், இரண்டு படப் புத்தகம். அங்கே நீங்களும் நுழைந்து படுத்தால் உங்களுக்கும் இடுப்பு ஆறும். உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் ஊட்டி, கடைசியில் நண்டு ஊர்ந்து கக்கத்துக்குப் போகும் அந்தப் பழைய விளையாட்டைப் பத்துத் தடவை கேட்பான். நண்டு எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே சிரிப்பான். மழை காரணமாகப் பகல் நித்திரையைத் தள்ளிப் போடாதீர்கள். தகரத்தில் மழை விழும் சத்தத்தைப் போல நித்திரை கொண்டுவரும் தாலாட்டு வேறு இல்லை.

இரவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், அதுவும் ஒரு விளையாட்டு. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது வீட்டில் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மூத்த பேத்திக்கு அப்போது இரண்டு வயது. அவளுடைய அப்பா டோர்ச்சை நிலத்தில் நிறுத்தி, கையால் சுவரில் மான் ஒன்றைக் காட்டினார், இரண்டு விரலைக் கொம்பாக வைத்து. காற்று ஊளையிடுகிறது, இவள் 'மானுக்குச் சோறு' என்று சுவருக்கு ஊட்டுகிறாள். அந்த இரவைப் பற்றி அவளுக்கு இன்றைக்கும் அந்த மான் மட்டும்தான் ஞாபகம்.

மான் என்றதும் நினைவு வருகிறது. மழை கொஞ்சம் ஓய்ந்தால் ஒரு முச்சக்கரவண்டியில் ஏறி நகரத்துக்குப் போங்கள். கோட்டைப் பக்கமும் டச்சுக்குடாப் பக்கமும் புள்ளிமான்கள் வீதியிலேயே நிற்கும், கடை ஓரத்தில் ஒதுங்கி உடம்பை உதறுவதைப் பார்க்க இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேறு மிருகக்காட்சிச்சாலை தேவையில்லை. பொலித்தீன் பையோடு எதையும் போடாதீர்கள், அவை பையோடு தின்றுவிடும்.

கடைசியாகப் போன். அதற்காகத்தானே முக்கியமாகக் கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2019 அறிவுரையில் ஒரு வயதில் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. உங்கள் மகனுக்கு இரண்டு முடிந்துவிட்டது. ஆகவே நீங்கள் கறி தாளிக்கும் இருபது நிமிடத்துக்குக் கொடுத்தால் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். போன் கொடுக்கும் தாய்மாரைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் நாலு நாள் மழையில் தனியே ஒரு பிள்ளையோடு இருந்து பார்த்தார்கள் என்று கேட்க எனக்கும் ஆசை. ஆனால் அழுதவுடன் கொடுக்காதீர்கள். அழுதால் போன் வரும் என்று அவன் ஒரே நாளில் படித்துவிடுவான். மத்தியானச் சமையல் நேரம் என்றால் ஒவ்வொரு நாளும் அந்த நேரம் மட்டும், நீங்களாகவே எடுத்து வைத்துக் கொடுங்கள். தானாக அடுத்தது அடுத்தது என்று ஓடாதபடி ஒரே ஒரு படத்தை வைத்து, அது முடிந்ததும் 'போன் நித்திரைக்குப் போகிறது' என்று இரண்டு பேருமாகப் போர்த்தி வைத்துவிடுங்கள். படத்தின் நடுவில் பறித்தால் வரும் அழுகைக்கு நான் பொறுப்பில்லை. சோறு ஊட்டும்போதும் நித்திரைக்கு முன்னும் வேண்டவே வேண்டாம். வேலையில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் கதைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது வேறு.

ஒன்றை மறந்துவிட்டேன். மழை விட்ட பின்னேரம் முற்றத்தில் விளையாடிய சிரட்டை, பேணி, தயிர்ச்சட்டி எல்லாவற்றிலும் இருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு கிழமை, பத்து நாள் அப்படியே விட்டால் டெங்கு நுளம்பு அதில் குடும்பம் பெருக்கிவிடும். இந்த வேலையையும் மகனிடமே ஒப்படையுங்கள், கவிழ்ப்பது அந்த வயதின் பெரிய சந்தோஷம். எங்கள் பேரனுக்கு இது இப்போது நிரந்தர உத்தியோகம். நேற்று முற்றத்தை முடித்துவிட்டு உள்ளே வந்தவர், கதிரைப் பக்கத்தில் அம்மப்பா பாதி குடித்துவிட்டு வைத்திருந்த தேநீர்க் கோப்பையையும் மறக்காமல் கவிழ்த்துவிட்டுப் போனார்.